கைதட்டலில் போன பெயர்

1

போன வாரம் தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. தடித்த அட்டை, ஓரத்தில் தங்க நிறக் கோடு, நடுவில் ஆங்கிலத்தில் என் பெயர். என் மகள் கஸ்தூரி அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, "எப்டி கீதுப்பா?" என்று கேட்டாள். அவள் வேலைக்குக் கிளம்புவதற்குள் நான் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றி, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் சொருகிவிட்டேன். எழுபத்து மூன்று வயதில் நாற்காலி மேல் ஏறினதற்காக என்னைத் திட்டினாள். எதற்காக ஏறினேன் என்று கேட்கவில்லை.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. திருவொற்றியூர்க்காரன். கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் ஒரு துறைமுக ஊரில், மகள் வீட்டில், ஏழு குளிர்காலமாக இருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் மேல் பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். ஆகையால் இதைப் போனில் பேசி அனுப்புகிறேன். உங்கள் பத்திரிகையில் இருக்கும் தம்பி எழுத்துத் தமிழாக மாற்றிப் போடட்டும். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே விடச் சொல்லுங்கள். ஏனென்றால் இந்தத் தகராறே யார் வாயில் எது வந்தது என்பதைப் பற்றித்தான்.

அட்டையில் என்னைக் கவிஞன் என்று போட்டிருக்கிறார்கள். நான் கவிஞன்தான், அதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் எந்தக் கவிதைக்காக அதைக் கொடுத்தார்களோ அந்தக் கவிதை என்னுடையது இல்லை. காதர் பாயுடையது. இதை நான் இங்கே சொல்லாத ஆள் இல்லை. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

2

துறைமுகத்தில் எனக்கு, கப்பல் மேல் அடுக்கின கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை. காதர் பாய் என் ஜோடி. ஒருவர் கம்பியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் முறுக்க வேண்டும். அப்படியே இருபத்தாறு வருஷம் போனது. அவர் வீடு சடையங்குப்பம், மழை பெய்தால் தண்ணீர் புகுகிற தாழ்ந்த இடம். மேகம் கறுத்தால் போதும், "பாய், வூட்ட பரண் மேல ஏத்திட்டு வந்தியா?" என்று கேட்போம். "வூட்ட ஏத்திட்டேன், வூட்டுக்காரியத்தான் ஏத்த முடியல" என்பார். அந்த அம்மாள் கொஞ்சம் கனத்த உடம்பு. மீன் குழம்பு வைத்தால் எனக்குத் தனியாக ஒரு டப்பா வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூரில், கடல் அரிக்காமல் இருப்பதற்காகக் கொட்டின பாறைகள் மேல் போய் உட்காருவோம். முதலில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்புறம் மீன் விற்கிற தேவகி அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். மணலியில் ஷிப்டு முடித்தவர்கள், காலேஜ் பிள்ளைகள், வலைக்காரர்கள் என்று சேர்ந்து, சில வாரம் நாற்பது பேர் வரைக்கும் ஆகும். எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகை காற்றோடு திரும்பினால் எல்லோரும் இருமுவோம். "மொத பாட்டு ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்பார் காதர் பாய்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் தன் கவிதையைத் தானே சொல்லக் கூடாது. தேவகி அக்கா போட்ட சட்டம். ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு ஆள் பெரிய நோட்டோடு வந்தான். ஒரு மணி நேரம் தன் கவிதையைத் தானே படித்தான். வரிக்கு ஒரு தடவை எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டான். அக்காவுக்குத் தாங்கவில்லை.

"நைனா, உன் புள்ளைய நீயே இடுப்புல வெச்சிகினு அழகு அழகுன்னா எப்டி? வேற யார்னா தூக்கட்டும். அப்ப தெரியும், மூக்கு ஒழுவுதா இல்லியான்னு."

அன்றிலிருந்து இப்படித்தான். கவிதை கட்டினவர் அதை இன்னொருவர் வாய்க்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்கினவர் கட்டினவரோடு உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும். "இது என் வாய்ல நிக்கல" என்று அவர் சொன்னால், கட்டினவர் முறைப்பார், முணுமுணுப்பார், ஆனால் மாற்றுவார். அப்படி இரண்டு பேரும் இழுத்துப் பிடித்த பிறகுதான் அது பாறைக்கு வரும். சொல்லும்போது கட்டினவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கம்மென்று உட்கார்ந்திருப்பார். தன் வரி அடுத்தவர் வாயில் வரும்போதுதான் அதில் எங்கே ஊசிப்போயிருக்கிறது என்று தெரியும்.

சொல்லி முடித்தால் யாரும் கை தட்ட மாட்டோம். அலைச் சத்தம்தான் இருக்கும். அந்த அமைதியில் சொன்னவர், "வாய் என்னுது, வார்த்த இன்னாருது" என்று சொல்ல வேண்டும். பெயர் கடைசியில்தான் வரும். யாருடையது என்று தெரியாமலே முழுசும் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக அப்படி. அந்த வார்த்தையைச் சொல்லாமல் எழுந்தால் அது திருட்டு.

இன்னொன்றும் உண்டு. ஒரு கவிதை ஒரு வாயில்தான் இருக்கும். கட்டினவரோ, அவர் இல்லையென்றால் அவர் வீட்டாரோ, அதைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அந்தக் கவிதையை அந்த வாய் சொல்லக் கூடாது. கண்டக்டர் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு ஒரு கவிதையைக் கண்டபடி சொன்னதால் அவரிடமிருந்து அதை வாங்கிவிட்டார்கள். பெரிய மீசைக்காரர், பாறை மேல் உட்கார்ந்து அழுதார்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் காதர் பாய் ஒரு கவிதை கட்டினார். அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததையும், பத்தாவது படித்துக்கொண்டிருந்த அவர் மகள் நூர்ஜகானின் புத்தகங்களைத் தண்ணீர் என்ன செய்தது என்பதையும் பற்றினது. அதை என் வாய்க்குக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்டெய்னர் நிழலில் உட்கார்ந்து மூன்று வாரம் படித்தேன். ஓரிடத்தில் நிற்கவில்லை என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமலே கம்பி முறுக்கினார். மூன்றாம் நாள் மாற்றிக்கொடுத்தார்.

அவர் போன பிறகும் அது என் வாயில் இருந்தது. அதோடுதான் விமானம் ஏறினேன்.

3

இங்கே எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். நான் பிறந்தது ஐப்பசியில், புயல் அடித்த அன்று. இதை என் அம்மா சொல்லித் தெரியும். எனக்குப் பிறந்த தேதி கொடுத்தது பாஸ்போர்ட் புரோக்கர். அந்தத் தேதிக்கு வருஷா வருஷம் பேத்தி மீரா கேக் வாங்கி வருகிறாள். அது என் பிறந்த நாள் இல்லை என்று சொன்னேன். "ஆனா தாத்தா, கார்டுல அப்டிதான் இருக்கு" என்றாள். பதினைந்து வயது. நல்ல பிள்ளை. நான் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியும். மீதிக்குத் தலையை ஆட்டுவாள்.

எங்கள் பேட்டை நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், வெளியூரிலிருந்து வந்தவர்கள் கவிதை வாசிப்பார்கள். கஸ்தூரிதான் கொண்டுபோய் விட்டாள். குறை சொல்லக் கூடாது, நல்ல கூட்டம். டாக்ஸி ஓட்டுகிற சோமாலியாக்காரர் ஒருவர் வாசிக்கும்போது தொடையில் தாளம் போடுவார். சிங்கி இறால் பிடிக்கிற உள்ளூர்க் கிழவர் ஒருவரும் வருவார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் வலை என்று கையைக் காட்டினால் எந்த மாதிரி வலை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் நூலகத்து அம்மாள் லிண்டா, "அடுத்த மாதம் நீங்கள்" என்றாள்.

அதற்கு ஒரு படிவம். மீரா கம்ப்யூட்டரில் நிரப்பினாள்.

"தாத்தா, கவிஞர் நேம்?"

"காதர் பாய்னு போடு."

"அவர் வருவாரா?"

"அவுரு செத்துப் பூட்டாரும்மா."

"அப்போ எப்டி ரீட் பண்ணுவார்? இங்க ஒரு நேம்தான் போட முடியும். உங்க நேம் போட்டேன்."

வாய் என்னுடையதுதானே, வாய்க்காரன் பெயர் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. இந்தக் கதையில் என் தப்பு அது ஒன்றுதான்.

அன்றைக்கு நன்றாகச் சொன்னேன். பாறை மேல் நிற்பதாகவே நினைத்துக்கொண்டேன். கடைசி வரி முடிந்தது. அந்த அமைதிக்காக நின்றேன். அமைதி வரவில்லை. கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். நான் "வாய் என்னுது, வார்த்த காதர் பாயுது" என்று சொன்னேன். தட்டினார்கள். இன்னொரு தடவை சொன்னேன். லிண்டா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்குள் மூன்றாம் தடவை சொன்னேன்.

4

அதைப் படம் பிடித்து, கைதட்டல் தொடங்குகிற இடத்தில் வெட்டி, கீழே என் பெயரைப் போட்டு வெளியிட்டார்கள். கஸ்தூரி அதை உறவுக்காரர் எல்லோருக்கும் அனுப்பினாள். ராயபுரத்துக்குப் போய், அங்கிருந்து இரண்டே நாளில் பாறைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தேவகி அக்கா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"ஏழுமல, இன்னாடா இது?"

"இன்னாக்கா?"

"காதர் பாய் பாட்டச் சொல்ற, முடிக்கிற, ஜனங்க தட்டுது, நீ நிக்கிற. வாய் யாருது, வார்த்த யாருது, ஒண்ணியும் காணோம். கீழ இங்கிலீசுல உன் பேரு கீதுன்னு நூர்ஜகான் படிச்சிச் சொல்லுது."

"சொன்னேங்க்கா. மூணு தபா சொன்னேன். தட்டிகினே இருந்தாங்க, சத்தத்துல கேக்கல."

"நிறுத்தச் சொல்லிட்டு அப்பால சொல்றது."

"எழுந்து நின்னு தட்றாங்கக்கா. எப்டி நிறுத்தறது?"

"ஹார்பர்ல கிரேன் சத்தத்துக்கு மேல கத்துனவன்தானே நீ? வெள்ளக்காரன் தட்னா தொண்ட கட்டிக்குதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் குரல் மாதிரி இருந்தது. "நூர்ஜகான் அங்க கீதா?" என்று கேட்டேன். "கீது. பேச மாட்டேங்குது" என்றாள் அக்கா.

துறைமுகத்தில் ஒரு போல்ட் எடுத்து வந்தவன் இல்லை நான். ஏழு வருஷமாக எந்த ஊரில் என் பெயர் மிச்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேனோ, அந்த ஊரில் நான் செத்துப்போன சிநேகிதனுடைய சொத்தைத் தின்றவன் ஆகிவிட்டேன்.

5

மறுநாள் மீராவை இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். வெட்டாத படத்தைக் கேட்டேன். லிண்டா கொடுத்தாள். பார்த்தோம். என் வாய் அசைகிறது, கைதட்டல்தான் கேட்கிறது. அதையும் அனுப்பிவைத்தேன். தேவகி அக்கா, "வாய் அசயுது, ஒத்துக்கறேன். சினிமால கூடத்தான் அசயுது" என்றாள்.

சரி, பெயரையாவது மாற்றுங்கள் என்று லிண்டாவிடம் கேட்டேன். மெதுவாகப் பேசினாள், தண்ணீர் கொடுத்தாள், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்தினால் நானும் கத்தலாம்.

"எந்த புக்ல வந்திச்சுன்னு கேக்கறாங்க தாத்தா" என்றாள் மீரா.

"எதுலயும் வரல."

"எழுதின பேப்பர்?"

"அவுரு எழுதல. அவுருக்கும் எழுத்து தெரியாது."

"அப்போ யார் எழுதினாங்க?"

"யாரும் எழுதல. அவுரு கட்டுனாரு. நான் வெச்சிகினு கீறேன்."

மீரா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். லிண்டா மேஜையைப் பார்த்தாள். மீரா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"நீங்கதான் வெச்சிருக்கீங்க, வேற எங்கயும் இல்லன்னா, அது உங்களோடதுதானே தாத்தா?"

லிண்டா கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். கேட்டது என் பேத்தி. ஒரு பொருள் உன் கையில் இருக்கிறது, அதற்குக் காகிதம் இல்லை, அப்படியானால் அது உன்னுடையது. யார் இவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்திலா? எங்கள் கடலோரத்தில் கூட இதைச் சொல்லித்தான் எத்தனை பேர் வேலி போட்டார்கள். "உங்களுக்குப் பட்டா கீதா?" என்று கேட்டுவிட்டு.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் சொன்னேன்.

"வுடுப்பா. காதர் மாமா இருந்தா சந்தோஷந்தான் படுவாரு. உனக்கு ஒரு மரியாத கெடைக்கிது, அதப் போயி ஏன் தட்டி வுட்ற?"

"மரியாத எனக்கு வரலம்மா. அடுத்தவன் சட்டயப் போட்டுகினு எவனோ வரான்."

"எல்லாத்தயும் ஏன் இவ்ளோ பெருசு பண்ற?"

நர்சிங் படிப்புக்கு இவளுக்கு விண்ணப்பம் வாங்க, நான் காய்ச்சலில் கிடந்ததால் காதர் பாய் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு விடிகாலையிலிருந்து வரிசையில் நின்றார். அந்தப் படிப்பில்தான் இந்த வீடு, இந்த ஹீட்டர், இந்த மெஷின். அவள் மறந்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் நினைவிருக்கும். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

பெயரை மாற்ற வழியில்லை. எடுத்துவிட வழி உண்டாம். அதற்கு ஒரே ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மீராவைப் படிக்கச் சொன்னேன். "என் படைப்பை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அதாவது என்னுடையது இல்லை என்று சொல்லி எடுக்க முடியாது. என்னுடையது என்று பொய் சொன்னால்தான் எடுப்பார்கள். டிக் போட்டேன். கையெழுத்து வழக்கத்தைவிட மேலே ஏறிக்கொண்டு போனது.

படம் போனது. ஆனால் வருஷக் கடைசியில் போடுகிற சிறு புத்தகத்துக்கு, படத்தைக் கேட்டு யாரையோ வைத்து எழுதியெடுத்து, அதை முன்பே கொடுத்துவிட்டார்களாம். அதற்குத்தான் இந்த அட்டை.

6

ஒரு மாதம் கழித்து நூர்ஜகான் கூப்பிட்டாள். இப்போது மணலி புதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"சாப்ட்டியா மாமா?"

"சாப்ட்டேம்மா."

"அத்தா பாட்ட என் வாய்க்கிக் குடுத்துடு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீயும் என்னியத் திருடன்னு நெனச்சிட்டியா?"

"திருடன்னு நெனச்சிருந்தா கூட்டத்துல வெச்சி கேட்டிருப்பேன். நீ வாய் அசைச்சத நாலு தபா பாத்தேன். பேருதான் சொல்றன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ அங்க ஒத்த வாயா கீற மாமா. காதர் பாய்னு நீ சொன்னா, ஆமான்னு சொல்ல பக்கத்துல ஒரு ஆளு இல்ல. இங்க நாப்பது பேரு கீறோம்."

போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. உங்களிடம் மறைக்கவில்லை, அவள் பேரில் கோபம்தான். இருபத்தாறு வருஷம் அவர் பிடித்த கம்பியை முறுக்கினவன் நான். இவள் அப்போது இடுப்புயரம். ஆனால் சட்டம் சட்டம்தான். கண்டக்டர் அழுதபோது, "அழுதா ஆச்சா, குடுய்யா" என்று முதலில் சொன்னவன் நான்தான்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது ஞாயிறு அவர்கள் பாறை மேல் போனை வைத்தார்கள். கடைசித் தடவையாக நான் முழுசும் சொன்னேன். முடித்தேன். யாரும் தட்டவில்லை. அலை அடித்தது, ஒருத்தர் இருமினார். "வாய் என்னுது, வார்த்த காதர் பாயுது" என்று சொன்னேன். எனக்கே கேட்டது. அப்புறம் நூர்ஜகான் எழுந்து சொன்னாள்.

"நடுவுல மூச்சு வாங்குது பொண்ணுக்கு" என்றாள் தேவகி அக்கா. "ஏழுமல சொன்னப்ப வாங்கல." அது எனக்காகச் சொன்னது. அந்த அக்கா என்னிடம் மன்னிப்பு கேட்டது அவ்வளவுதான்.

அதனால்தான் அந்தக் கவிதையிலிருந்து ஒரு வரி கூட இங்கே நான் சொல்லவில்லை. பனி வாரும்போது சில நாள் தொண்டை வரைக்கும் வரும். முழுங்கிவிடுவேன்.

சான்றிதழ் வந்த அன்று நூர்ஜகானிடம் சொன்னேன். இந்த ஜனங்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது என்று கத்தினேன். அவள் கத்தி முடிக்க விட்டாள்.

"மாமா, உன் வாய் சும்மாதானே கீது? நான் ஒண்ணு கட்டிகீறேன். மொத பாட்டு. உன் வாய்க்கித் தரேன், எடுத்துக்கறியா?"

"நீ என்கிட்ட தரியா?"

"அங்க சொல்லும்போது பேர மின்னாடியே சொல்லிடணும். பேரு, ஊரு, அப்பால பாட்டு. தட்றவங்க யாருக்குத் தட்றோம்னு தெரிஞ்சிகினு தட்டட்டும்."

"தேவகி அக்கா ஒத்துக்காதே."

"கேட்டுட்டேன். கனடாவுக்கு மட்டும்னு சொல்லிச்சி."

இரண்டு இடத்தில் என் வாயில் நிற்கவில்லை. ஒன்றை மாற்றினாள். இன்னொன்றை மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள், அவள் அத்தா மாதிரியே இரண்டு நாள் பேசாமல். இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை நூலகத்தில் சொல்லப்போகிறேன். படிவத்தில் ஒரு பெட்டிதான் இருக்கிறது என்றால் அதில் அவள் பெயரைப் போடு என்று மீராவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். உட்கார வைத்துச் சொன்னேன், அரை நாள் ஆனது. போட்டாள்.

பத்திரிகை படிக்கிறவர்களிலும் தட்டுகிறவர்கள் இருப்பீர்கள். ஆகையால் உங்களுக்கும் அதே மாதிரி.

நூர்ஜகான். காதர் பாய் மகள். சடையங்குப்பம்.

காயவச்ச புஸ்தகம் உப்பிப் போச்சி,
மூடுனா மூட மாட்டேங்குது.
பாதி எழுத்த தண்ணி எடுத்துகினு போச்சி,
மீதிய வச்சிகினு நான் பாஸ் ஆனேன்.
அத்தா,
தண்ணிக்கி எத்தினி மார்க்கு?